படுத்தால் ஒளிந்துகொள்ளும் வலி

"எங்கம்மாவுக்கு நின்னாதானே வலிக்குது, நீங்க ஏன் படுக்க வச்சுப் பாக்குறீங்க?" என்று ஆறு வயது மேவிஸ் ஒருமுறை கேட்டாள். அறுவை மருத்துவர் ஆர்விட் டாலஃப்சன் வாய்விட்டுச் சிரித்து, அவள் சட்டையில் மாட்டுப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார். முப்பது வருட அனுபவத்துக்கு அன்று தோன்றிய பதில் அவ்வளவுதான்.

மேவிஸின் அம்மா ஜோலீன் குபியாக், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சீஸ் ஆலையில் நாற்பது பவுண்டு சீஸ் கட்டிகளைத் தூக்கி அடுக்குபவள். தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் வலி. டாலஃப்சன் மூன்று முறை படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார்; படுக்க வைத்தே ஸ்கேனும் எடுத்தார். எதுவும் தட்டுப்படவில்லை. "தசைப்பிடிப்பு" என்று எழுதினார். மூன்றாம் முறை "கவலையைக் குறைக்கவும்" என்றும் சேர்த்தார். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

பிப்ரவரியில் அவள் வாந்தியோடு வந்தாள். பழக்கதோஷத்தில் அவர் கை கட்டிலைத் தட்டியது.

"படுக்க மாட்டேன் டாக்டர். இவ்வளவு நாள் படுத்தா உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு, நீங்களும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. இன்னிக்கு உள்ள போகவே மாட்டேங்குது. நிக்கிறேன், பாருங்க."

அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். வயிற்றின் மேல்தசைக்கு அடியில், முட்டை அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வெளியே வீக்கமே தெரியாத, அபூர்வமான குடலிறக்கம். அதைத் தவறவிடாதீர்கள் என்று இளம் மருத்துவர்களுக்கு உரையாற்றி, கைதட்டல் வாங்கியவர்தான் அவர்.

"குடல் சிக்கியிருக்கும்மா. இப்பவே ஆபரேஷன் பண்ணணும்."

"பொழச்சுக்குவேனா?"

"குடல் செத்துப்போறதுக்குள்ள பண்ணிட்டா, பொழச்சுக்குவீங்க."

கை கழுவும்போது அவர் ஜெபித்தார்: 'ஆண்டவரே, மூணு தடவை இவளைப் பாத்தவனை விடக் கொஞ்சம் நல்ல டாக்டரா இன்னிக்கு என்னை ஆக்கும்.'

தசையில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. அதில் நெரிபட்டு, நாவற்பழம் போலக் கறுத்த குடல். விடுவித்து, வெதுவெதுப்பான துணியால் மூடிக் காத்திருந்தார். ஐந்து நிமிடம் குடலில் அசைவே இல்லை. பிறகு மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்பு திரும்பியது. குடலை உள்ளே வைத்து ஓட்டையைத் தைத்தார்.

மூன்றாம் நாள் ஜோலீன் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான்மா. உங்க மக அன்னிக்கே கேட்டா."

"ஆமா. நீங்க ஸ்டிக்கர் குடுத்தீங்க." அவள் சிரித்து, தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க டாக்டர்."

மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைத்தது அவரை உறுத்தியது.

சனிக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. அவர் தனியாக வந்து, தாமே "தசைப்பிடிப்பு" என்று எழுதி அனுப்பிய பெண்களின் கோப்புகளை எடுத்தார். பதினொன்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் முதல் கோப்பிலிருந்த தொலைபேசி எண்ணை அழுத்தினார்.

"நான் டாக்டர் டாலஃப்சன் பேசறேன். போன வருஷம் உங்களை நான் சரியாப் பாக்கலம்மா. திங்கக்கிழமை ஒரு தடவை வர முடியுமா?"

மறுமுனையில் இருந்தவள் வருகிறேன் என்றாள். அவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.