காவேரி பார்த்து எடுத்த ஜாக்கி

சிவராஜுக்குத் தெரியாத விஷயம் என்று காஞ்சிபுரத்தில் ஒன்றும் கிடையாது. இதை அவனே சொல்வான். எந்த ஜரிகை சுத்தம், எந்த டாக்டர் கைராசிக்காரர், மழை எந்தத் தேதியில் வரும், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் தயாராக இருக்கும். யாரும் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கியபோது, இனி மெக்கானிக் வாசலை மிதிக்க மாட்டேன் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்.

"தறியவே பிரிச்சிப் பூட்டுறவன் நானு. இது இன்னா, நாலு சக்கரம் வெச்ச தகர டப்பா."

சொன்னபடி செய்தும் காட்டினான். பிரேக் மாற்றினான், ஆயில் மாற்றினான், பேட்டரி மாற்றினான். ஹாரனைச் சரி செய்கிறேன் என்று இறங்கியபோது மட்டும் அது நிற்காமல் அலறி ஒரு மத்தியானம் தெருவையே எழுப்பிவிட்டது. மற்றபடி வேலை சுத்தம்தான். இழை இழையாகப் பார்த்துப் பழகிய கைக்கு நட்டும் போல்ட்டும் சீக்கிரமே படிந்துவிட்டன.

எல்லாம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். சைலன்சர் தொங்குகிறது என்று, காரோடு வந்த சின்ன ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டு, அடியில் முக்கால் மணி நேரம் மல்லாந்து கிடந்தான். வேறு ஸ்பேனர் எடுக்க வெளியே நகர்ந்தான். உடம்பு வெளியே வந்துவிட்டது, வலது கை மட்டும் இன்னும் உள்ளே. மண் தரையில் ஜாக்கி சாய்ந்தது, கார் பொத்தென்று இறங்கியது. கைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். காபியோடு வெளியே வந்த அவன் மனைவி காவேரி அதைக் கண்ணால் பார்த்தாள். டம்ளர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

சிவராஜ் அதையும் ஒரு கதையாக்கிவிட்டான். "சாமி அளந்து வெச்ச கைபா இது" என்று டீக்கடையில் காட்டிக்கொண்டு திரிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். காவேரி சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அதுதான் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே போடுவார். பதினேழு வருஷமாக சிவராஜுக்குக் கரை போடுவது காவேரிதான். இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை தேவைப்படாது. அவன் மூச்சு விடும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை அவள் தறிக்கு வரவில்லை. அடுப்படியில் இருந்தே சொன்னாள்.

"இனிமே அந்த ஜாக்கிய வெச்சிக்கினு காருக்கு அடியில பூந்தீங்கன்னா, கரைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. கை போன ஆளுக்குக் கரை போட என்னால ஆவாது."

"அதான் ஒண்ணும் ஆவலியே."

"நான் பாத்தேன். நீங்க பாக்கல."

தொங்கிய சைலன்சரைப் பின்னால் இருந்தே கம்பியால் கட்டிவிட்டு, சிவராஜ் மூன்று மாதம் தாக்குப் பிடித்தான். காருக்கு ஆயில் மாற்றும் நாள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அடியில் படுத்தால் தறி நின்றுவிடும். கடைசியில் இறங்கி வந்தான். நல்ல ஜாக்கியாக, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியாக, வாழ்நாளுக்கும் உழைக்கிற மாதிரி ஒன்று வாங்கிவிட்டால்?

"வாங்கலாம்" என்றாள் காவேரி. "ஆனா நான்தான் பாத்து எடுப்பேன். எனக்கு மனசு ஒப்பலன்னா வண்டி மெக்கானிக்கு கிட்ட போவும்."

ஜாக்கியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று சிவராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். வெளியே சிரிக்கிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் இல்லை.

வாலாஜாபாத் ரோட்டில் டூல்ஸ் கடை வைத்திருப்பவர் ஜெபகுமார். பதினெட்டு வருஷமாக அதே கடை. மூன்று ஜாக்கிகளை இழுத்து வந்து முன்னால் வைத்தார். ஒன்று கறுப்பு, எருமைக் கன்று மாதிரி கிடந்தது. ஒன்று சிவப்பு, பளபளவென்று இருந்தது. மூன்றாவது மங்கலான நீலம். அதை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சிவராஜ் ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தான். பட்டு நூலை எடை போட்டே வளர்ந்த ஊர்க்காரன். கனம் இருந்தால் சரக்கு உண்டு என்பது அவன் ரத்தத்தில் ஊறிய கணக்கு. கறுப்பைத் தூக்கியதும் இடுப்பு ஒரு தரம் கிளுக் என்றது. அவனுக்கு முழுத் திருப்தி.

"இதான். போட்டுக் குடுங்கண்ணே."

காவேரி குனிந்து, தரையில் இருந்து அந்த ஜாக்கியின் தலை வரை சாண் வைத்து அளந்தாள்.

"இது உள்ள போவாதுங்க. நம்ம காரு அடியில ஒரு சாணுக்கு ரெண்டு விரல் கம்மி. இதுக்குத் தலையே ஒரு சாண் இருக்குது."

கிளம்பும் முன் அவள் காருக்குப் பக்கத்தில் குந்தி ஏதோ செய்துகொண்டிருந்தது சிவராஜுக்கு இப்போதுதான் விளங்கியது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அதுக்கு இன்னா? காரைக் கொஞ்சம் தூக்கிட்டு உள்ள தள்ளிக்கினா போச்சு."

"காரைத் தூக்கத்தாங்க ஜாக்கியே வாங்க வந்திருக்கோம்."

ஜெபகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று சிவராஜுக்கும் தெரியும்.

கறுப்பு ஜாக்கி கடைக்குள் திரும்பிப் போனது. சிவப்பா, நீலமா? சிவப்பு நாலு அழுத்தில் மேலே ஏறும் என்றார் கடைக்காரர். நீலத்துக்கு எட்டு அழுத்து வேண்டும். காவேரி இரண்டையும் சாய்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்தாள். அது அவள் பழக்கம். எந்தப் புடவையையும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பாள். சிவப்பில் பற்றவைத்த இடமெல்லாம் பெயிண்டு கெட்டியாக அப்பியிருந்தது. நீலத்தில் பற்று சன்னமாக, சீராக ஓடியது. ஆனால் அது போதாது என்று அவள் தலை ஆட்டினாள்.

"அண்ணே, வெளிய நிக்கிறது உங்க வேன்தான? அத இதுல தூக்கி நிறுத்துங்க."

"தூக்கறேன் தங்கச்சி. எவ்ளோ நேரம்?"

"நாங்க டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும்."

சிவப்பு ஜாக்கி வேனைச் சட்டென்று தூக்கியது. காவேரி கைப்பையில் இருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தாள். உள்ளே, தறியில் நீளவாக்கில் பாவாக ஓடுகிற பட்டு நூல். ஒரு முனையை வேனின் பம்பரில் கட்டினாள், மறுமுனையைத் தரையில் கிடந்த செங்கல்லில் விறைப்பாகக் கட்டினாள். வேன் ஒரு நூல் அளவு இறங்கினாலும் இழை தளர்ந்துவிடும். விரலால் மீட்டிப் பார்த்தாள், விண் என்றது.

சிவராஜுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பதினேழு வருஷம் பாவோடு கிடக்கிற தனக்கு இந்த யோசனை வரவில்லையே என்ற எரிச்சல்.

டீயைக் குடித்துவிட்டு வந்தார்கள். கண்ணுக்கு வேன் அப்படியேதான் நின்றது. காவேரி இழையைத் தொட்டாள். சத்தமே இல்லை. தொளதொளவென்று தொங்கியது.

ஜெபகுமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இத நான் திருப்பி அனுப்பிடறேன். இவ்ளோ நாளா நானும் பளபளப்பப் பாத்தே வித்துக்கினு இருந்திருக்கேன்."

பிறகு நீலம். ஒரு மணி நேரம் விட்டார்கள். இந்தத் தடவை சிவராஜே ஓடிப்போய் இழையைத் தொட்டான். விண்!

"முடிஞ்சது! எடுத்துக்கலாம்" என்றான், தானே தேர்ந்தெடுத்த மாதிரி.

காவேரி நகரவில்லை. "அண்ணே, இன்னிக்கு நிக்குது. அடுத்த வருஷமும் இப்படியே நிக்குமா?"

அவர் நினைத்திருந்தால் நிற்கும் என்று சொல்லி விற்றிருக்கலாம்.

"ஜாக்கி உழைக்கும்மா. பத்து வருஷம்கூட உழைக்கும். உள்ள ரப்பர் சீல் தேயும், அது என்கிட்டயே கிடைக்கும், மாத்திக்கலாம். அதுக்காகவே நீலத்த எடுக்கலாம். ஆனா சீல் என்னிக்கு விடும்னு சொல்லிட்டு விடாது. ஜாக்கிங்கறது தூக்கறதுக்கு. ஆள் அடியில படுக்கணும்னா, தாங்கறதுக்கு வேற ஒண்ணு வேணும்."

உள்ளே போய் இரும்பில் இரண்டு ஸ்டாண்டுகள் எடுத்து வந்தார். நாலு கால், நடுவில் ஏற்றி இறக்கி நிறுத்துகிற தண்டு, குறுக்கே ஒரு பின். எண்ணெயும் இல்லை, ரப்பரும் இல்லை.

சிவராஜுக்கு இது அவமானமாகப் பட்டது. "இவ்ளோ சோதன பண்ணி வாங்கறோம், அப்புறம் அதையே நம்பலன்னா எப்படி? டீக்கடையில கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றாள் காவேரி. "ரெண்டையும் போடுங்கண்ணே."

"பதினெட்டு வருஷத்துல, புடவ எடுக்கற மாதிரி ஜாக்கி எடுத்தவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஜெபகுமார்.

"புடவ நைஞ்சி போனா வேற எடுத்துக்கலாம்ண்ணே."

வீடு திரும்பி, நாலு மணி வெயிலில் வேலை தொடங்கியது. மண் தரை கூடாது என்று காவேரி சொல்லிவிட்டதால், கார் வீட்டெதிரே சிமென்ட் ரோட்டில் நின்றது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். நீல ஜாக்கியை உள்ளே தள்ளிக் கைப்பிடியை அழுத்தினான். எட்டு அழுத்தில் முன்பக்கம் நிதானமாக எழுந்தது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்துப் பின்னைச் செருகி, வண்டியை மெல்ல அவற்றின் மேல் இறக்கினான். பானெட்டைப் பிடித்து உலுக்கினான். கார் அசையவில்லை. கம்பீரமாகக் கோணியை விரித்து, பழைய ஆயிலுக்குத் தாம்பாளத்தையும் வைத்தான்.

"நில்லுங்க" என்றாள் காவேரி.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோணியில் மல்லாந்து படுத்தாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் நகர்ந்து காருக்கு அடியில் போய்விட்டாள்.

சிவராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "அங்க இன்னாடி தெரியும் உனக்கு? எது இன்ஜின்னு சொல்லு பாக்கலாம்!"

முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மெட்டி, வெடித்த குதிகால், சேலையின் ஓரம். மீதி காவேரி காருக்கு அடியில் இருந்தாள்.

சிரிப்பு எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. பின் சரியாக இறங்கியிருக்கிறதா? குனிந்து பார்த்தான், இறங்கியிருந்தது. மறுபக்கம் ஓடினான், அங்கும் இறங்கியிருந்தது. திரும்பவும் முதல் பக்கம் வந்தான். எல்லாம் அவன் கையால் வைத்ததுதான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் பம்பரைப் பிடித்துக்கொண்டான், கார் விழுந்தால் தான் தாங்கிவிடப் போகிறவன் மாதிரி. தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

"வெளிய வா காவேரி."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கறேன். எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். வா."

"ஒரு நிமிஷம்கூட ஆவலங்க. நான் எண்ணிக்கினுதான் இருக்கறேன். அன்னிக்கு நீங்க உள்ள முக்கா மணி நேரம் இருந்தீங்க."

சிவராஜ் பம்பரை விடாமலே அவள் கால் பக்கத்தில் குந்தினான்.

"பயமா இருக்குது, காவேரி" என்றான். டீக்கடையில் யாரும் அவன் வாயில் இருந்து கேட்டிராத வார்த்தை அது.

அவள் நகர்ந்து வெளியே வந்தாள். முதுகில் தூசி. முகத்தில் கோபம் இல்லை. "நல்லாத்தான் நிக்குது" என்றாள். "இப்போ போங்க."

அவன் அடியில் போனான். போல்ட்டைக் கழற்றினான், ஆயில் தாம்பாளத்தில் இறங்கத் தொடங்கியது. வேலை செய்யும்போது தறியில் வாயே திறக்காத மனிதன், அன்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். போல்ட்டு கழண்டுச்சு. ஆயிலு கறுப்பா வருது. பில்டர் இறுக்கமா இருக்குது. இருக்கேன், காவேரி. இப்போ துடைக்கறேன். இருக்கேன்.

வெளியே ரோட்டில் உட்கார்ந்திருந்த காவேரி, ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள்.