உம்மாவுக்கு நாலு புள்ளி

கலியாணப் பேச்சு முடிய இன்னும் ஒரு தேத்தண்ணிதான் மிச்சம். அதற்குள் கைருன்னிஸா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே ஏற்றினார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கட்டிலின் ஒரு பக்கம் மகள் ஜுனைதாவும் மறுபக்கம் மாப்பிள்ளை ஹாதிக்கின் உம்மாவும் நின்றார்கள்.

டொக்டர் பவிதரன் கையில் மாரடைப்பு ஆபத்துக்குப் புள்ளி போடும் ஒரு தாள். ஈ.சி.ஜி.யில் பிசகில்லை. முதல் இரத்தப் பரிசோதனையிலும் இல்லை. வயசு ஐம்பத்திரண்டு, அதற்கு ஒரு புள்ளி. வலி அமத்துகிற மாதிரி, அதற்கு ஒன்று.

"சீனி வருத்தம் இருக்கா அம்மா?"

"இல்ல டொக்டர்."

"பிரசர்?"

"அதுவும் இல்ல."

"குடும்பத்தில ஆருக்கும் இள வயசில மாரடைப்பு?"

"அல்லாட காவல், ஒருத்தருக்கும் இல்ல."

"வாயுதான் டொக்டர்," என்றாள் ஹாதிக்கின் உம்மா. "விடியத்தொட்டு மச்சிக்கு அடுப்படியில ஓட்டம். எங்களுக்கு அஞ்சு கறி, அவவுக்கு ஒரு பருக்கையில்ல."

பவிதரன் கூட்டினார். "ரெண்டு. மூண்டு வரைக்கும் பயமில்ல. வீட்ட போகலாம்."

கைருன்னிஸாவின் முகம் வியர்த்து வெளிறிக் கிடந்தது. அதில் ஒரு நிம்மதி வேறு.

ஜுனைதாவுக்குப் பயம்கூட வரவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி. மூன்று வருஷமாக வேலையில்லை. அவள் கண்ணுக்குள் நின்றது மல்லித்தூள் போத்தல். தாய்க்குச் சீனி என்றால் மகளுக்கும் வரும் என்று முந்திய சம்பந்தம் முறிந்ததிலிருந்து, உம்மாவின் மருந்துக் குளிசைகள் அதற்குள்தான் ஒளிந்திருந்தன.

"பொய், டொக்டர்." மீன் விலை சொல்வதுபோல் இருந்தது குரல். "சீனி எட்டு வருஷம். பிரசர் அஞ்சு. மாமா நாப்பத்தேழு வயசில நெஞ்சு வலியிலதான் மவுத்து. இவங்க வாறாங்கெண்டு மூணு நாளா குளிசையும் போடல்ல."

"வாய மூடு புள்ள!"

"மூடினா நீங்க மவுத்தாகுவீங்க உம்மா."

பவிதரன் தாளில் அடித்து எழுதினார். "இது மூண்டுக்கும் ரெண்டு புள்ளி கூடும். இப்ப நாலு. வீட்ட விடேலாது. மூண்டு மணித்தியாலத்தில திரும்ப இரத்தம் எடுக்கணும்."

ஹாதிக்கின் உம்மா கைப்பையை எடுத்தாள். "வேன்காரன் நிக்கான் மகள். பொறகு கதைப்பம்."

பொறகு கதைப்பம் என்றவர்கள் கதைத்த சரித்திரம் மருதமுனையில் இல்லை.

"எல்லாத்தையும் ஒடச்சிட்டாய்," என்று கைருன்னிஸா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓம்," என்றாள் ஜுனைதா.

இரண்டாம் இரத்தப் பரிசோதனையில் பிசகு தெரிந்தது. மாரடைப்புத்தான். மட்டக்களப்புக்கு அனுப்ப அம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது உம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்த மல்லிப் போத்தல எடுத்துட்டு வா. மறைக்க இனி ஆரு இரிக்கா."