பாடாத வரி

சனிக்கிழமை ஒத்திகையில், பாட்டின் கடைசி வரியில் கீழ்க்குரல் மறுபடியும் காணாமல் போனது. டீச்சர் உயர்த்திய கையை இறக்கினாள். கீபோர்டு நின்றது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் துதித்துப் பாட்டு முடிகிற இடம்; எல்லாக் குரல்களும் சேர்ந்து எழும்ப வேண்டும். அடியில் நின்று தாங்க வேண்டிய குரல் அவள் தம்பியுடையது. அவனோ பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாயை மூடி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள், ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவள் என்பதால் அவள் இரண்டு இடத்திலும் டீச்சர். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். போன வருடம் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்து முடித்தவன், கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர், கடவுள் அல்ல என்று சாப்பாட்டு மேஜையில் அமைதியாகச் சொல்லிவிட்டான். சொன்னானே தவிர, எங்கும் போய்விடவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தான். இந்த ஒரு வரியைத் தவிர எல்லாவற்றையும் மனமாரப் பாடினான்.

மற்றவர்கள் போனபின் இருவரும் நாற்காலிகளை அடுக்கினார்கள்.

"கணக்கு டீச்சர் நீ. மூணு ஒண்ணாகுமா?" என்றான்.

"கடவுள் என்ன கணக்குப் பாடமாடா? உலகத்தைப் படைக்கிறதுக்கு முன்னாடி அவர் யார்மேல அன்பா இருந்தார், சொல்லு. பிதாவும் குமாரனும் ஆவியுமா இருந்ததாலதான் அவர் அன்பாவே இருக்கார்."

"இயேசு விடியக்காலம் எழுந்து போய் ஜெபம் பண்ணினாரே, யார்கிட்ட? அவர் கும்பிட்டவரைத்தான் நானும் கும்பிடறேன்க்கா. அவ்வளவுதான்."

"குமாரன் பிதாகிட்டப் பேசினார். அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அவன் சிரித்தான். இந்தச் சண்டையை இருவரும் அலுக்காமல் போட்டுவந்தார்கள்.

அப்போது போதகர் உள்ளே வந்தார். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். "சபையில பேச்சு வந்துடுச்சு டீச்சர். தம்பி அந்த வரியைப் பாட வேணாம், வாயை மட்டும் அசைக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "நாளையிலேர்ந்து நான் கீழே சபையோட உட்கார்ந்துக்கறேன் ஐயா" என்றான். சிறுவயதிலிருந்து அவன் அக்காவின் கையசைவுக்குத்தான் பாடியிருக்கிறான்.

டீச்சருக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. அது தம்பிமேல் இல்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். யார் முன் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

"யாருக்குத் தெரியப்போகுதுன்னா எப்படி ஐயா? யாரைப் பாடறோமோ அவருக்குத் தெரியாதா? மூணு பேரும் ஒரே கடவுள்னு உயிரா நம்பறவ நான். அந்தப் பேருக்கு முன்னாடி என் தம்பி வேஷம் போட வேணாம். வாயை மூடிக்கிட்டு என் பக்கத்துலயே நிக்கட்டும்."

"கேட்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்கிட்ட அனுப்பிவைங்க."

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசலில் தம்பி சொன்னான்: "நீ நம்பறது தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறேன்க்கா."

"நினைச்சுக்கோ. நானும் உன்னை விடப்போறதில்ல. நாளைக்குச் சீக்கிரம் வா, ரெண்டாம் பாட்டுல நீ சுருதி இறங்கறே."

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. கடைசி வரி வந்ததும் தம்பி வாயை மூடிக்கொண்டான். குரல்கள் அடித்தளம் இல்லாத கட்டடம்போல ஆடின. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. டீச்சர் கையை இறக்கவில்லை. அப்போது பீடத்தின் பக்கத்திலிருந்து கரகரவென்று ஓர் ஆண்குரல் தம்பி விட்ட கீழ்க்குரலைப் பிடித்தது. போதகர். சுருதி சேரவில்லை, தாளம் முன்னும் பின்னும் ஓடியது. கழுத்து நரம்பு புடைக்க, விடாமல் பாடினார். தம்பி உதடுகளை இறுக மூடியபடியே, அவர் கண்ணில் படும்படி கையைச் சற்று உயர்த்தி, விரலால் மெல்லத் தாளம் போட்டுக் காட்டினான்.