பத்தாவது ஆள்

உங்கள் தகப்பனின் பெயரை ஒருவர் முகம் பார்த்துக் கேட்டால், நீங்கள் பொய்ப்பெயர் சொல்வீர்களா?

என்னிடம் ஒருவர் கேட்டார். மெல்பேர்ணில், கார்ல்டனில், எழுபத்தாறாம் ஆண்டு குளிர்காலத்தில். அப்போது நான் பிரன்ஸ்விக்கில் ஒரு துணி மில்லில் வேலை. மிஸ்டர் பெர்கோவிச் என்ற போலந்துக் கிழவரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். யூதர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இரண்டு வீடு தள்ளி அவர்களுடைய சின்ன ஜெப ஆலயம். ஷூல் என்பார்கள்.

சனிக்கிழமையில் அவர்கள் நெருப்பு மூட்டக்கூடாது, சுவிட்சைத் தொடக்கூடாது. மூட்டித் தா என்று என்னை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அதனால் பெர்கோவிச் என் கதவடியில் வந்து நின்று, "ராஜா, ஷூலுக்குள்ள இண்டைக்குக் குளிர் கூட, என்ன?" என்பார். நான் போய் காஸ் ஹீட்டரை மூட்டிவிட்டு வருவேன். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

கிளேட்டனில் படித்துக்கொண்டிருந்த என் ஊர்ச் சிநேகிதன் மகாதேவன் ஒருநாள் வந்து இதைப் பார்த்துவிட்டான்.

"டேய் வரதா, சனிக்கிழமையில சனீஸ்வரனுக்கெல்லோ எள்ளெண்ணெய் எரிக்கிறது. நீ இவையளுக்குக் காஸ் எரிக்கிறாய்!"

"இஞ்ச சனீஸ்வரன் எங்கயடா இருக்கிறார்? இவையள்தான் இருக்கினம்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஊரில் வாரத்தில் ஒருநாள் என்னைத் தேடி வந்தவர் பெர்கோவிச் ஒருவர்தான்.

அவர்களுடைய குருவான ரபி செத்து இரண்டு வருஷம். வசதி வந்தவர்களெல்லாம் யாரா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோல்ஃபீல்டில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஷூலில் மிச்சம் ஒன்பது கிழவர்கள். பத்து ஆண்கள் இல்லாமல் வேதச் சுருளைத் திறந்து வாசிக்க முடியாது. செத்தவர்களுக்கான பிரார்த்தனையும் சொல்ல முடியாது. புது ரபி வந்தால் அவரோடு பத்து. புது வருஷத்துக்குள் ரபி கிடைக்காவிட்டால் சுருள்களைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகவும் கட்டடத்தை விற்பதாகவும் கோல்ஃபீல்ட் ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

"நீங்களும் கோல்ஃபீல்டுக்குப் போகலாம்தானே?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை வாகனத்தில ஏறேலாது. இந்த முழங்காலோட அவ்வளவு தூரம் நடப்பனோ? ஷூலைப் பூட்டினா நான் வீட்டில இருந்து சுவரைப் பாக்கவேண்டியதுதான்."

போலந்தில் அவருடைய தாயும் மூன்று தங்கைமாரும் யுத்தத்தில் செத்தார்கள். எந்த நாள் என்று தெரியாது. அவராகவே ஒருநாளைக் குறித்து, பத்துப் பேர் இருந்தவரை வருஷா வருஷம் அந்த நாளில் ஷூலில் எழுந்து நின்று பிரார்த்தனை சொல்வார்.

வந்து பார்த்த இரண்டு ரபிமார் ஈரச் சுவரையும் கிழவர்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக சிட்னியிலிருந்து ஆட்லர் என்ற இளம் ரபி வந்தார். பெர்கோவிச் வீட்டிலேயே தங்கினார். வெள்ளி இரவு குசினியில் என்னையும் கதிரை போட்டு இருத்திக் கோழி சூப் தந்தார்கள். கிழவர் பாதியில் நித்திரைக்குப் போய்விட்டார். ஆட்லர் என்னிடம் மெதுவாக, "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ஆனா அவருக்கு இப்ப சொல்லாதையும்" என்றார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை.

சனி விடிய நான் ஹீட்டரை மூட்டப் போனபோது எட்டுக் கிழவர்கள்தான் நின்றார்கள். ஒருவரை இரவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் வந்து சேராத ரபியோடு ஒன்பது. அன்றைக்குத்தான் பெர்கோவிச் குறித்துவைத்த நாளும்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"ராஜா, இந்தியாவில கொச்சியில எங்கட ஆக்கள் இருக்கினம். உன்ர நிறம்தான். நீ சும்மா இரு. வாய் திறக்கவேண்டாம்."

"நான் இந்தியாவும் இல்லை, மிஸ்டர் பெர்கோவிச்."

"சிட்னிக்காரனுக்கு என்ன தெரியும்?"

"இப்பிடிக் கறுப்பா ஒரு யூதனை ஆர் நம்புவினம்?"

எட்டுப் பேரில் ஒருவரான தையல்காரர் மோட்டல் குறுக்கே பேசினார். "எங்கட வேதத்தைத் தந்த மோசே என்ன நோர்வேக்காரனோ?" கிழவர்கள் சிரித்தார்கள். பெர்கோவிச் சிரிக்கவில்லை.

"இது உங்களுக்குப் பாவம் இல்லையோ?"

"பாவம்தான். இந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனா, அது என்ன?"

எனக்குத் தொப்பி வைத்து, செத்துப்போன பழைய ரபியின் வெள்ளைச் சால்வையைப் போட்டுவிட்டார்கள். ஆட்லர் வந்ததும், கொச்சிக்காரன் என்று அவரிடம் சொல்லி, என்னைக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். அவர்கள் எழும்பினால் எழும்பினேன், இருந்தால் இருந்தேன். ஆட்லர் தலைகளை வாயால் எண்ணாமல் கண்ணால் எண்ணினார். அவர் முகம் மலர்ந்தது. சுருளை வெளியே எடுத்தார்கள்.

வந்த விருந்தாளியைச் சுருளுக்கு முன்னால் கூப்பிட்டு மரியாதை செய்வது அவர்களுடைய வழக்கம். இன்னாரின் மகன் இன்னார் என்று தகப்பன் பெயரோடு கூப்பிட வேண்டும். பல வருஷமாய் அங்கே ரபிமாரைத் தவிர வேறு விருந்தாளி யாரும் வந்ததில்லை. அதனால் எட்டுப் பேரும் அதை மறந்துபோயிருந்தார்கள்.

ஆட்லர் மறக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"எங்கட கொச்சிச் சகோதரனோ? வாரும். உம்மட பேரென்ன? அப்பாவின்ர பேரென்ன?"

மோட்டல் பக்கத்திலிருந்து "ஆபிரகாம், ஆபிரகாம்" என்று முணுமுணுத்தார்.

மில்லில் எனக்கு ராஜ் என்று பெயர். ராஜ் யாருடைய மகன் என்று எவரும் கேட்டதில்லை. அப்பா செத்த கடிதம் என் கைக்கு வந்தபோது ஊரில் எட்டுச்செலவும் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது சின்னண்ணன். எனக்காக ஐயர் யாரும் அப்பாவின் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் செய்யவில்லை.

"கணபதிப்பிள்ளை," என்றேன். "கணபதிப்பிள்ளையின்ர மகன் வரதராஜா."

ஆட்லர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மேடைக்குத் திரும்பி, அவர்களுடைய மொழியில் உரத்துக் கூப்பிடத் தொடங்கினார். அதற்குள்ளே என் அப்பாவின் பெயர் வந்தது. நான் எழுந்தேன்.

பெர்கோவிச் மேசையில் அடித்தார்.

"நிப்பாட்டுங்கோ. இவன் யூதன் இல்லை. என்ர வீட்டில வாடகைக்கு இருக்கிற பெடியன். நான்தான் கொண்டுவந்து இருத்தினனான்."

ஆட்லர் சத்தம் போடவில்லை. சுருளைச் சுற்றினார், துணியைப் போட்டார், கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

"ஒன்பது பேர்தான் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார். "நானும் சேர்ந்து பத்தாவது ஆளைத் தேடியிருப்பன். இனி நான் இஞ்ச நிண்டா, ஒவ்வொரு சனியும் உங்களை எண்ணிப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கவேணும்?"

தனித்தனியாக வாய்க்குள் ஜெபித்துவிட்டுப் போனார்கள். பெர்கோவிச் சுவரைப் பார்த்து எழுந்து நின்றார். பிரார்த்தனை சொல்லாமலே இருந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "நான் ஆபிரகாம் எண்டு சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவும் நான் மேசையில அடிச்சிருப்பன்," என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "தெரியேல்லை" என்றார்.

அடுத்த நாள் காலை ஆட்லர் சிட்னி ரயிலில் போனார். பெர்கோவிச் கோல்ஃபீல்டுக்கு டெலிபோன் எடுத்து, சுருள்களை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் ஷூலுக்குப் போய் ஹீட்டரை நிற்பாட்டி, காஸை மூடினேன்.