திராட்சைக் கொடிப் பலகை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் காத்தவராயன் பதினெட்டு வருஷமாக டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் கூரை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. அவன் மரத்தை நட்டு, தலைப்பில் ஆப்பு அடித்து இறுக்கி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, சரி என்று தலையாட்டினால்தான் மற்றவர்கள் உள்ளே கால் வைப்பார்கள். அந்தக் கௌரவத்தைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு நடந்தவன். அறுபத்து மூன்றாம் வருஷம் தொடங்கியதிலிருந்து, கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதத்திலிருந்து சிக் லீவு.

நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது என்று மூன்று டாக்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அவன் மறுபடி குழியில் இறங்க வேண்டாம். நஷ்டஈடு கிடைக்கும். போடாவிட்டால் லீவு முடிந்ததும் குழிக்குள் ஆள் இறக்குகிற கேஜில் ஏறியாக வேண்டும். ஏறினால் எத்தனை நாள் தாங்குவார் என்று அவன் மனைவி ரத்தினம்மா அரிசி களையும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா படுத்திருக்க முடியாமல் ஆரம்பித்ததுதான் பலகை வேலை. ஆபீசர் பங்களாக்களில் ரொட்டியும் காயும் வெட்டுவதற்குக் கப்பலில் வந்த அலங்காரப் பலகை வைத்திருப்பார்கள். எப்போதோ ஒரு பங்களாவுக்குக் கதவு சரி பண்ணப் போனபோது காத்தவராயன் அதைப் பார்த்திருந்தான். பங்காரப்பேட்டை மரவாடியில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கிவரச் சொன்னான். மஞ்சள் பலா ஒரு பட்டை, கறுத்த ஈட்டி ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி, வஜ்ரப்பசை காய்ச்சி ஒட்டினான். இறுக்கிப் பிடிக்க இரும்புச் சாமான் கிடையாது. சுரங்கத்தில் செய்வதைப் போலவே இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து ஆப்பு அடித்தான். கீழே சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்து வீடு ஒருதரம் குலுங்கியது. ஒட்டு பிசகவில்லை. ஓரத்தில் உளியால் ஒரு கொடி செதுக்கித் தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறவிட்டதும் பலா தேன் நிறத்துக்கு வந்தது. மார்க்கெட் பக்கத்துப் பங்களாவில் உடனே வாங்கிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு கேட்டார்கள்.

ஆனால் கோடு போடுவதும் ஒட்டுவதும் செதுக்குவதும்தான் அவனுடையவை. முதல் பலகையிலேயே இழைப்புளியைப் பத்துத்தரம் தள்ளியதும் உதடு நீலம் பாரித்துச் சாய்ந்துவிட்டான். அன்றைக்கு அதைக் கையில் எடுத்தவள் ரத்தினம்மா. முதலில் இழைப்புளி மரத்தைக் கடித்துக் கடித்து நின்றது. மர ரேகை போகிற போக்கிலேயே தள்ள வேண்டும் என்று இரண்டு நாளில் அவள் கைக்கே தெரிந்துவிட்டது. அறுப்பது, இழைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அவள்தான். அவன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருப்பான். தூசு பறந்தால் அங்கிருந்தும் எழுந்து போய்விடுவான்.

அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. வெளியே தெரியக் கூடாது. டிம்பர்மேன் உட்கார்ந்திருக்கப் பெண்டாட்டி இழைக்கிறாள் என்று குடியிருக்கிற லைனில் பேச்சு வந்தால் அதற்கப்புறம் வெளியே தலைகாட்ட மாட்டேன் என்றான். அவள் முன்கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தாள்.

தட்டிச் சுவருக்குச் சத்தத்தை மறைக்கத் தெரியாதே. பக்கத்து வீட்டு நாகம்மா விறகுக் கடையில் நாலு பேர் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு நோவுன்ற. காலையில புடிச்ச இழைப்புளி மத்தியானம் வரைக்கும் நிக்கலையேடி. இன்னா நோவு அது? எங்க வீட்டு ஆளுக்கும் வந்தா தேவலையே."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தால், யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஆபீசர் பங்களாவுக்குப் பழத்தட்டோ கேக்கோ கொண்டுபோய்க் கும்பிடு போட்டுவிட்டு வருவது அங்கே வழக்கம். அந்தத் தடவை ஜனவரியில் மெடிக்கல் இருந்தது. மூன்று டாக்டர்களில் எட்மண்ட் டாக்டர் இரக்கமுள்ளவர் என்று பேர். அவருக்குப் பலகை கொடுக்கலாம் என்று சொன்னது ரத்தினம்மாதான். பழம் அழுகிப்போகும், பலகை என்றால் தினமும் கண்ணில் படும், உங்கள் பேர் மறக்காது என்றாள். காத்தவராயனுக்கும் அது சரியாகப் பட்டது. பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு பலகை செய்தார்கள். சுற்றிலும் திராட்சைக் கொடி, மூலைக்கு ஒரு குலை. குலையில் ஒவ்வொரு பழமும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் செதுக்கியதிலேயே அதுதான் நல்லது.

டாக்டரின் மனைவி ஐடா அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவி, யார் செய்தது என்று கேட்டார். காத்தவராயன் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தாங்கம்மா" என்றான். உட்கார்ந்து உட்கார்ந்து பங்களா வரைக்கும் வந்தவன் அப்போது மட்டும் நிமிர்ந்து நின்றான். ரத்தினம்மாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மெடிக்கல் அன்று அவள் கதவோரம் நின்றாள். பின்னால் பெஞ்சில், சுரங்கத்தில் அவன் வேலை செய்த அதே மட்டத்து ஆட்கள் இரண்டு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். எட்மண்ட் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன்னால் மாட்டிப் பார்த்தார். நிழல் இருக்கிறது, ஆனால் கல்தூசிதான் என்று இந்தப் படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை என்றார். பிறகு அன்பாகத்தான் கேட்டார், அந்தத் திராட்சைக் கொடிப் பலகை இந்த லீவில் செய்ததா என்று. காத்தவராயன் ஆமாம் என்றான். பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட டாக்டர் தலையைத் தூக்கினார்.

"அறுக்கிறது, இழைக்கிறது எல்லாம்?"

"எல்லாம் நான்தான் சார்."

கண்ணாடிக்காரர் எட்மண்ட் டாக்டரைப் பார்த்தார். அந்த வேலைக்கு மூச்சு இருக்கிறதென்றால் எந்த வேலைக்கும் இருக்கும். இல்லையென்றாலும் மரத்தூள் இழுத்து வந்த இருமலுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. அவர் அவ்வளவுதான் சொன்னார். பேனாவை எடுத்தார்.

ரத்தினம்மா யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டாள்.

"இல்ல சார். இழைச்சதெல்லாம் நான். அவரு கோடு போட்டுச் செதுக்குறதோட சரி. பத்துத்தரம் தள்ளினா விழுந்துடுவாரு சார்."

மெடிக்கலுக்கு வருகிற பெண்டாட்டிகள் எல்லோரும் இப்படி ஏதாவது கதை கொண்டுவருகிறார்கள் என்றார் கண்ணாடிக்காரர். எட்மண்ட் டாக்டர் மட்டும் இரண்டு பேரையும் கையை நீட்டச் சொன்னார். காத்தவராயனின் உள்ளங்கையில் பதினெட்டு வருஷத்துக் காய்ப்பு அப்படியே இருந்தது. ரத்தினம்மாவின் கையிலும் காய்ப்பு இருந்தது. கேழ்வரகு இடிக்கிற, விறகு பிளக்கிற எந்தப் பெண்ணின் கையிலும் இருக்கிற காய்ப்புத்தானே என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எட்மண்ட் டாக்டர் காத்தவராயன் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லுப்பா. உன் சம்சாரம் சொல்றது நெஜமா?"

காத்தவராயன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய் சொல்றா சார்," என்றான். "காசு வரும்னு ஆசை. பொம்பளைக்கு இழைப்புளி புடிக்கத் தெரியுமா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வேலைக்குத் தகுதி என்று எழுதிய தாளில் எட்மண்ட் டாக்டர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம்.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கம் பிரித்த சக்கை மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே அவன் உட்கார்ந்தான். மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் பக்கத்தில் உட்காராமல் நின்றாள்.

"எதுக்குச் சொன்னே?" என்றான்.

"நீங்க இருக்கணும்னு."

"அப்படி இருந்து இன்னா பண்ணச் சொல்றே?"

அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். ஆள் வருவது தெரிந்ததும் அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை விடியுமுன் கஞ்சி குடித்துவிட்டு, தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு, கூட வராதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். முதல் லைன் தாண்டுவதற்குள் மூச்சு முட்டி நின்றான். குழாயில் குடத்தோடு நின்றவளிடம் தண்ணீர் சரியாக வருகிறதா என்று விசாரித்தான். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். இருபது அடி போனதும் மறுபடி நின்று, எதிரே வந்த கிழவரிடம் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டான். லைனில் யாரிடமும் வாய் திறந்து பேசாத மனிதன். அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒருவரையும் விடவில்லை.

அவர்களுக்கெல்லாம் ஆச்சரியமாக இருந்திருக்கும். காத்தவராயன் அண்ணனுக்கு உடம்பு தேறிவிட்டது, எவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஷிப்ட் சங்கு ஊதியபோது அவன் மூன்றாவது லைன் முனையைக்கூடத் தாண்டவில்லை. அங்கே யாரிடமோ நலம் விசாரித்துக்கொண்டு நின்றிருந்தான்.