கம்பெனிக் குளிர்

செய்யூர் சாலையிலிருந்த இறால் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்த அன்று, கம்பெனியின் குளிர் அங்கே வேலை செய்த பெண்களின் கைகளில் ஏறி வீடுகளுக்குப் போய்விட்டது. அன்று கடலில் நெத்திலி சுமாராகப் பட்டது. வேறு விசேஷமில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முழுக்க ஐஸில் கைவிட்டு இறால் தலை கிள்ளியவர்கள், கிளம்பும்முன் மஞ்சள் போட்ட வெந்நீர் அண்டாவைச் சுற்றி நின்று கைகளை முக்குவார்கள். கம்பெனிக் கையைக் கழற்றிவைப்பது என்று அதற்குப் பெயர். கழற்றாமல் எவளும் பிள்ளையைத் தொட்டதில்லை. கடனில் மூழ்கிய கம்பெனியை விற்றுத் தீர்க்கக் கோர்ட் அனுப்பிய லிக்விடேட்டர், கேட்டுக்குச் சீல் வைக்கும்முன் அடுப்பை அணைக்கச் சொன்னார். அண்டாவும் சொத்துதானாம்.

“கைய மட்டும் கழட்டிட்டுப் போயிடறோம் சார்” என்றாள் வச்சலா.

“கம்பெனியே முடிஞ்சுபோச்சு, இன்னும் இன்னா கை? கெளம்பும்மா.”

முதலாளி அதற்கு முன்பே வெளிநாட்டில் குடியேறியிருந்தார். அவர் கை கதகதப்பாகத்தான் இருந்திருக்கும். ஐஸில் வைத்த கை இல்லை அது.

வச்சலா வீட்டுக்கு வந்து, பால்குடி மறக்காத மகள் சங்கவியைத் தூக்கினாள். விரல் பட்ட இடமெல்லாம் பிள்ளையின் முதுகில் உறைபனி பூத்தது, உதடு நீலம் பாய்ந்தது. பதறிக் கீழே விட்டவள் பிறகு தொடவில்லை. வெந்நீரில் கை விட்டாள், பானையோடு உறைந்தது. திரௌபதியம்மன் கோயில் தீமிதிக் குழியில் கை வைத்துப் பார்த்தாள். கங்கு அணைந்தது, பூசாரி கோபித்துக்கொண்டார். பால் கொடுக்கும் நேரம் புருஷன் காத்தவராயன் பிள்ளையை ஏந்தி அவள் மார்பில் வைப்பான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

“இனிமே ஐஸ் பொட்டி வாணாம்மே, உன்னியே போட்டுல ஏத்திக்கினு கடலுக்குப் போறேன்” என்றான். அவள் சிரித்தாள். அவன்தான் அழுதான்.

சென்னைக்குப் போய் லிக்விடேட்டர் முன் கையை நீட்டினாள். “உங்க குளிர வாங்கிக்குங்க சார்.” தொட்டுப் பார்த்தவர் விரலை உதறிக்கொண்டார். சந்தேகமில்லை, கம்பெனிச் சொத்துதான். ஆனால் கோர்ட் உத்தரவில்லாமல் பெற முடியாது என்றார். மனு போட்டாள். வாய்தா மேல் வாய்தா. ஒரு நீதிபதி மாறினார், இன்னொருவர் ஓய்வு பெற்றார். அதற்குள் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. அண்டா ஊரப்பாக்கத்தில் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். இரக்கமுள்ள மனுஷன், கழுவி, மஞ்சள் போட்டுத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தான். அண்டா கைமாறிப் போயிருந்ததால் குளிரை வாங்கிக்கொள்ளவில்லை. வச்சலாவின் முறை வந்தபோது கம்பெனி முழுசாகக் கலைக்கப்பட்டு, சட்டப்படி இல்லாமலே போயிருந்தது. இல்லாத கம்பெனியிடம் எதை ஒப்படைப்பது என்று கேட்டார் லிக்விடேட்டர்.

“அப்ப இது யாருது சார்?”

“இனிமே உங்களுதுதான்மா.” ஏதோ தானம் கொடுத்த மாதிரி சொன்னார்.

இதற்கிடையே ஊர் பழகிக்கொண்டது. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுப்பவர்கள் “வச்சலாக்கா, இந்தக் கூடையில கொஞ்சம் கை வெய்யேன்” என்பார்கள். வைப்பாள். அவள் கை பட்ட வஞ்சிரம் செங்கல்பட்டு மார்க்கெட் வரை விறைப்பாகப் போகும். சங்கவி அம்மாவின் முந்தானையைப் பிடித்து நடை பழகினாள், முந்தானையைப் பிடித்தே தூங்கினாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாசலில் நின்ற டீச்சர், “அம்மா கைய விட்டுட்டு உள்ள வா கண்ணு” என்றார்.

சங்கவி முந்தானையை விட்டாள்.