குமிழி வராத குழி

அப்பா குழாய்க்குள் போய்விட்டால், வெளியே வரும்வரை எனக்குப் பயம்தான். எத்தனை வேலைக்குப் போனாலும் அது பழகவில்லை.

அன்றைக்கு பஸ் டிப்போவின் மழைநீர் வடிகாலில் வேலை. தரைக்கடியில் சிமெண்ட் குழாய், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலம். இரண்டு குழிகளுக்கு நடுவே அது விரிசல் விட்டிருந்தது. மேல்குழியில் குழாயின் வாய்க்குள் ரப்பர் பலூனைச் செருகிக் காற்றடைத்தால், அது உப்பி அடைப்பாக நின்றுவிடும். தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்கும். அப்பா கீழ்குழி வழியாக உள்ளே போய் விரிசலைப் பூசுவார். அவருக்கும் அவ்வளவு தண்ணீருக்கும் நடுவில் பலூன் மட்டும்தான்.

மேல்குழி ஓரத்தில் உட்கார்ந்து காற்றழுத்தக் கேஜின் முள்ளைப் பார்ப்பது என் வேலை. அண்ணன் கம்ப்ரசரில் இருந்தான். அப்பாவின் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவன் காலடியில் கிடந்தது. மூன்று முறை இழுத்தால் வெளியே வா என்று அர்த்தம்.

"ஏய் ஊமைக்கோட்டான், முள்ளு இறங்குதா?"

தலையை ஆட்டினேன். கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றபடி வால்வைத் திருகிக் காற்றேற்றினான். முள் பழைய இடத்துக்கு வந்தது. சற்று நேரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினான்.

"எங்கயோ ஓட்டை. மேஸ்திரி பலூன இரவல் வாங்கின லட்சணம்!"

ஓட்டை என்றால் குமிழி வர வேண்டும். பலூனுக்கு ஒட்டுப்போடுவது நான்தான். தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத்தான் தேடுவேன். குழிக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் சுழன்றது. குப்பென்று டீசல் நாற்றம். முந்தின நாள் மழை டிப்போ தரையை மொத்தமாகக் கழுவி இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

எங்கள் சொந்தப் பலூன் நியோப்ரீன் என்கிற ரப்பர். எண்ணெய் பட்டாலும் ஓரளவு தாங்கும். நெருப்பில் காட்டினால் பற்றும், எடுத்தால் தானாக அணைந்துவிடும். அது வேறொரு வேலைக்குப் போயிருந்ததால் மேஸ்திரி இதைக் கொண்டுவந்திருந்தார். அதே கருப்பு, அதே மினுமினுப்பு. காலையில் செருகும்போது வால்பக்கத்தில் ஈபிடிஎம் என்று அச்சு இருந்ததைப் பார்த்தேன். கார் கதவு ஓரத்தில் வைக்கிற ரப்பர் அதுதான். வெயில், மழை, நீராவி எதற்கும் அசையாது. ஆனால் எண்ணெய்க்கு ஆகாது. ஒருமுறை கதவு ரப்பர் துண்டு ஒன்றையும் நியோப்ரீன் துண்டு ஒன்றையும் மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு மறந்துவிட்டேன். நியோப்ரீன் ஏறக்குறைய போட்டபடியே இருந்தது. கதவு ரப்பர் ஊறிய பயறு மாதிரி பருத்து, நகம் பட்டால் பிய்ந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்று எங்கேயும் போகவில்லை. ரப்பர் ஊறி, இளகி, பலூன் பெரிதாகிக்கொண்டிருந்தது. அதனால் முள் இறங்குகிறது. நாங்களோ இன்னும் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறோம்.

ஓடிப்போய் அண்ணன் கையோடு சேர்த்து வால்வைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி?"

"ஏத்தாதே. ஓட்டை இல்லண்ணா. டீசல்ல ஊறுது. ஏத்த ஏத்த வெடிச்சிடும்."

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்தினான்.

"என்னப்பா அங்க மாநாடு?" மேஸ்திரி நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "கருப்பா இருக்கிற ரப்பரெல்லாம் ஒண்ணுதாம்மா. பூச்சு பாதியில நிக்குது, இப்ப அவர வெளிய வரச் சொன்னா எல்லாம் பாழ்" என்றார்.

அண்ணன் கயிற்றை மூன்று முறை இழுத்தான். எதிர்முனையில் கனமே இல்லை. கையால் சுருட்டச் சுருட்ட வந்துகொண்டே இருந்தது. முடிவில் அப்பாவின் கரண்டிப் பை வந்தது. தவழும்போது கயிறு தடுக்கிறதென்று இடுப்பிலிருந்து அவிழ்த்துப் பையில் கட்டியிருக்கிறார்.

அண்ணன் தோள் அந்தக் குழாய்க்குள் நுழையாது. அவன் சொல்வதற்குள் நான் கீழ்குழி ஏணியில் இறங்கிவிட்டேன்.

உள்ளே முழங்காலுக்கடியில் ஈரம். எங்கிருந்தோ கரண்டி உரசுகிற சத்தம். கொஞ்ச தூரத்தில் அப்பாவின் தலைவிளக்கு தெரிந்தது. மல்லாந்து படுத்து மேல்பக்கம் பூசிக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் பலூன். அது எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டமாக ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். அந்தக் கோட்டைக் காணவில்லை. கருப்பு வயிறு ஒன்று கோட்டைத் தாண்டிப் பிதுங்கி, அவர் உச்சந்தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேர்த்ததுபோல் பளபளத்தது.

"அப்பா."

மெதுவாகத்தான் கூப்பிட்டேன். குழாய் அதை யாரோ அதட்டுவது மாதிரி ஆக்கிவிட்டது.

"நீ எதுக்குடி இங்க வந்தே?"

"கோடு எங்கப்பா?"

அவர் கழுத்தை மடக்கிப் பார்த்தார். கரண்டியை அப்படியே கீழே வைத்தார்.

"பின்னாலயே போ. திரும்பாதே. அவசரப்படாதே... போம்மா."

பின்பக்கமாகவே தவழ்ந்தேன். என் கண்ணெதிரே அப்பாவின் பாதங்கள், அதற்கும் அப்பால் அந்தக் கருப்பு. எங்கோ சொட்டு விழுந்தாலும் அதுதான் கிழிகிறது என்று நினைத்தேன். ஏணி முதுகில் இடித்தபோது அலறிவிட்டேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து மேலே தூக்கினான். பிறகு அப்பாவை.

காற்றை இறக்கியதும் தண்ணீர் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு இரைந்து ஓடியது. அப்பா படுத்திருந்த இடம் வழியாகத்தான். அவர் தரையில் உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பலூனை இழுத்து வெளியே போட்டார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

மேஸ்திரி காலால் அதைத் தட்டிப் பார்த்தார். "வெடிக்கலையே? வெயில்ல போடுங்க, பழைய சைஸுக்கு வந்துடும். நாளைக்கு இன்னொரு டிப்போவுல கேட்டிருக்காங்க."

வந்துவிடும், எனக்குத் தெரியும். டப்பாவில் ஊறிய துண்டும் காய்ந்து பழையபடி ஆனது. பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. இழுத்ததும்தான் அறுந்தது.

நாளைக்கு இந்தப் பலூனுக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருப்பார்கள் என்று நினைத்ததும், குழாய்க்குள் இருந்ததைவிட அதிகமாக பயந்தேன். ஒட்டுப்போடுகிற கத்தியை எடுத்தேன்.

"ஏய், ஏய்! என்ன பண்றே?" மேஸ்திரி எழுந்தார். அண்ணன் அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

கத்தி ரப்பருக்குள் நான் நினைத்ததைவிடச் சுலபமாக இறங்கியது.